சான் மேட்டியோ கவுன்ட்டி கடலோரப் பூங்காக்கள்: வற்று, பருவம், அனுமதி

#1 · ஓதக்கணக்கு

டேலி சிட்டியில் தொடங்கி தெற்கே ஆன்யோ நுவேவோ வரை கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ கவுன்ட்டியின் பசிபிக் கரை நீள்கிறது. கவுன்ட்டி பூங்கா, மாநிலக் கடற்கரை, தேசியப் பூங்கா நிலம் எல்லாம் கலந்து கிடப்பதால் பத்து நிமிடப் பயணத்துக்குள் விதிகள் மூன்று முறை மாறும். பலரும் வரைபடத்தில் இடங்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு, பத்தரை மணிக்குக் கிளம்பி, நண்பகலில் மாஸ் பீச்சில் இருக்கும் ஃபிட்ஸ்ஜெரால்டு மரைன் ரிசர்வ் என்ற பாறைக்கரைக் கடல் காப்பகத்தில் போய் நிற்கிறார்கள். அந்நேரம் கடல் பெருகியிருந்தால் பாறை ஒன்றும் தெரியாது. தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இந்தக் கரையில் முதலில் பார்க்க வேண்டியது வரைபடம் அல்ல, கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் ஓத அட்டவணை.

அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா வெளியிடும் அட்டவணையில் பில்லர் பாயின்ட் நிலையத்தை எடுங்கள். பலர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாயிலான கோல்டன் கேட் நேரத்தை வைத்து வருகிறார்கள். திறந்த கடற்கரையில் வற்று, அதாவது கடல் இறங்கும் நேரம், அதற்கு முன்னதாகவே வந்துவிடும், அதனால் தாமதமாகத்தான் வந்து சேர்வார்கள். அட்டவணையில் 0 என்று இருப்பது, ஒரு நாளின் இரண்டு வற்றுகளில் தாழ்ந்ததன் நீண்டகாலச் சராசரி. மைனஸ் 1.0 என்றால் அதற்கும் ஓரடி கீழே கடல் இறங்கும் என்று பொருள்.

ஃபிட்ஸ்ஜெரால்டில் 1 அடிக்குக் கீழே இறங்கும் நாளாகப் பாருங்கள். வற்று நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே இறங்கி, நீர் பின்வாங்கப் பின்வாங்கக் கடல் பக்கம் போய், வற்று திரும்பியதும் கரை நோக்கி வந்துவிட வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை ஆழமான வற்று பிற்பகலில் வரும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை விடியற்காலையில் வரும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் பகல் வெளிச்சத்தில் நல்ல வற்று கிடைப்பது அரிது. அந்த மாதங்களை மலைப் பாதைக்கு வைத்துக்கொள்ளலாம். மூடுபனி விலகி வானம் தெளிவதும் அப்போதுதான்.

#2 · பாறைநண்டு

1 அடி என்பது ரொம்பத் தாராளம்ங்க. அந்த அளவில் மேல்திட்டு மட்டும்தான் தெரியும்: கொட்டலசு, மட்டி, துறவி நண்டு, அவ்வளவுதான். கடல் முள்ளெலி குடைந்து உட்கார்ந்திருக்கும் குழிகளையும், நட்சத்திர மீன் ஒட்டியிருக்கும் பாறையின் அடிப்பக்கத்தையும் பார்க்கணும்னா 0-க்குக் கீழே போகணும். மைனஸ் 0.5 வந்தால் நல்ல நாள்.

இங்கே பாறை மென்மையான களிமண் படிவுப் பாறை. அதனால்தான் ஊதா முள்ளெலி அதைக் குடைந்து தனக்கென்று வட்டக் குழி செய்துகொள்ள முடியுது. ஆழமான வற்று அன்றைக்கு மேட்டுப் பாதையில் நின்று கீழே பாருங்க, பாறை அடுக்குகள் வளைந்து பெரிய வில் மாதிரி தெரியும். அடுக்குகள் கிண்ணம்போல் மடிந்திருப்பதை மேலிருந்து பார்க்கிறோம்.

காலில் என்ன என்பதுதான் முதல் விஷயம். செருப்பு வேண்டாம். பழைய ஓட்டக் காலணி, அடியில் நல்ல பிடிப்போடு, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற ஜோடி போதும். ரப்பர் பூட்ஸ் கணுக்கால் வரைக்கும் சரி. அதுக்கு மேல் தண்ணீர் ஏறினால் உள்ளே நிறைந்து கனமாயிடும். வண்டி நிறுத்தத்திலிருந்து இறங்கும்போது சான் விசென்டே ஓடையைத் தாண்டணும், மழைக்குப் பிறகு அங்கேயே நனைஞ்சிடுவீங்க.

கால் வைக்கும் இடம் இரண்டாவது விஷயம். பாறை மேல் மணலும் சிப்பித் துணுக்கும் ஒட்டிக் கிடக்கிற திட்டு மாதிரி ஒன்று தெரியும். தொட்டால் கொழகொழன்னு இருக்கும், மிதித்தால் தண்ணீர் பீய்ச்சும். அது மணல் இல்லை, அனிமோன் என்கிற மென்னுடல் கடல் உயிர்கள், நூற்றுக்கணக்கில். வற்றும் நேரத்தில் ஈரம் போகாமல் இருக்க உடம்பைச் சுருக்கி, வெயில் படாமல் சிப்பித் துணுக்கைப் போர்த்திக்கிட்டு இருக்கும். நாள் முழுக்க மக்கள் அதைத்தான் சமதரைன்னு நினைத்து மிதிக்கிறாங்க. வெறும் பாறையிலும் ஈர மணலிலும் மட்டும் காலை வைங்க. கடற்பாசி மேல் வைத்தால் உயிருக்கும் கேடு, உங்க முழங்காலுக்கும் கேடு.

கல்லைப் புரட்டக் கூடாது. கல்லுக்கு அடியில் இருக்கிறது வெயில் தாங்காது, மேல் இருக்கிறது இருட்டில் சாகும். ஒரே கல்லில் இரண்டு குடியிருப்பும் அழியும்.

#3 · புதுவரவு

நல்ல தகவல், நன்றி. ஜனவரி கடைசி வாரம் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். எழுபது தாண்டியவர்கள், அப்பாவுக்கு முட்டி வலி. கூட ஐந்து வயதுப் பையன். யானை சீல் என்ற பெரிய கடல்நாயைப் பார்க்க ஆன்யோ நுவேவோ போக முடியுமா? முன்பதிவு எப்போது திறக்கும்? ஒரே நாளில் வேறு என்ன சேர்க்கலாம்?

#4 · நெடுஞ்சாலை_ஒன்று

ஜனவரி கடைசி வாரம்தான் உச்சம். குட்டிகள் பிறக்கும் காலம், ஆண்கள் சண்டை போடும் காலமும் அதுதான். டிசம்பர் 15 முதல் மார்ச் 31 வரை வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். டிசம்பர் முதல் இரண்டு வாரம் சீல் பகுதி மூடப்பட்டிருக்கும். முன்பதிவு ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில் 56 நாள் முன்பு திறக்கும். வார இறுதி இடங்கள் உடனே தீரும், வியாழன் வெள்ளியைப் பாருங்கள். ஆளுக்குச் சுமார் 11 டாலர், வண்டி நிறுத்த 10 டாலர் தனி.

நடை மொத்தம் 3 மைல், இரண்டரை மணி நேரம். பாதி வழிக்கு மண் பாதை, பிறகு மணல் குன்று ஏறி இறங்க வேண்டும். முட்டி வலிக்காரர்களை வீழ்த்துவது அந்த மணல்தான், தூரம் அல்ல. உங்கள் அப்பாவுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது: சக்கர நாற்காலி போகக்கூடிய பலகைப் பாதையில், வேனில் கூட்டிச் சென்று காட்டும் தனி நடையைப் பூங்காவே பருவ காலத்தில் நடத்துகிறது. அதற்கு முன்பதிவு தனி, இடம் குறைவு. பொது நடையைப் பதிவு செய்வதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

தள்ளுவண்டி மணலில் ஓடாது. குடை அனுமதி இல்லை, மழை பெய்தாலும் நடை ரத்தாகாது, ஆகவே மழைக்கோட்டு கட்டாயம். குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே வண்டி நிறுத்தத்தில் இருங்கள். அங்கிருந்து குழு கூடும் இடத்துக்கும் நடக்க வேண்டும், தாமதமானால் அந்தச் சீட்டு போனதுதான். ஹாஃப் மூன் பேயிலிருந்து 27 மைல். அதற்குத் தெற்கே அலைபேசிச் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். முன்பதிவுச் சீட்டையும் வரைபடத்தையும் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலையும் ஹாஃப் மூன் பேயிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

#5 · உப்புக்கொத்தி

பையனுக்கு முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போக ஒன்றிரண்டு செய்தி. பிறக்கும்போது குட்டி ஏறத்தாழ 75 பவுண்டு, உடம்பெல்லாம் கறுப்பு முடி. தாயின் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. நான்கு வாரத்துக்குள் குட்டி 250 பவுண்டைத் தாண்டிவிடும். அத்தனை நாளும் தாய் ஒரு வாய் தின்னாது, தன் உடம்புக் கொழுப்பை உருக்கித்தான் ஊட்டும். பிறகு குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். பிப்ரவரி கடைசியில் போனால் பால் மறந்த குட்டிகள் மட்டும் மணலில் உருண்டையாகப் படுத்திருப்பதைக் காணலாம். அவை அநாதைகள் அல்ல, அதுதான் அவற்றின் வளர்ச்சி முறை. ஆண் 16 அடி, 5,000 பவுண்டு வரை வளரும். மணலில் அது எதிர்பாராத வேகத்தில் பாய்ந்து வரும், ஆகவே 25 அடி இடைவெளி விதி விளையாட்டுக்கு இல்லை.

19ஆம் நூற்றாண்டில் எண்ணெய்க்காக வேட்டையாடி ஏறக்குறைய அழித்த விலங்கு இது. ஆன்யோ நுவேவோ தீவில் முதல் குட்டி 1961இல் பிறந்தது, கரையில் 1975இல். இப்போது வழிகாட்டி கட்டாயம், எண்ணிக்கைக்கு வரம்பு என்றெல்லாம் இருப்பது அந்தத் திரும்புகையைக் காப்பாற்றத்தான்.

முன்பதிவு கிடைக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வழிகாட்டி இல்லாமல் அனுமதிச் சீட்டு வாங்கி நடக்கலாம். தோல் உரிக்கும் காலம் அது: ஏப்ரல், மே மாதங்களில் பெண்களும் இளையவையும், ஜூலை, ஆகஸ்டில் பெரிய ஆண்கள். பிற்பகலில் சீட்டுக் கொடுப்பதை முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள்.

#6 · கரையோரம்

நாயைக் கூட்டிப்போகலாமா என்று யாரும் எழுதவில்லையே. மட்டி பொறுக்கிச் சமைக்கலாமா என்றும் குழுவில் அடிக்கடி கேட்கிறார்கள்.

#7 · ஓதக்கணக்கு

நாய் விஷயத்தில் ஊகம் கூடாது. ஃபிட்ஸ்ஜெரால்டில் இல்லை. ஆன்யோ நுவேவோவில் இல்லவே இல்லை. கிரே வேல் கோவ், சான் கிரெகோரியோ, போம்போனியோ, பெஸ்கடேரோ கடற்கரைகளிலும் இல்லை. ஹாஃப் மூன் பே மாநிலக் கடற்கரையில் மணலில் கூடாது, மேலே ஓடும் கடலோரப் பாதையில் கயிற்றோடு நடத்தலாம். கயிற்றோடு மணலிலேயே விடுவது மோன்டாரா, பீன் ஹாலோ. டெவில்ஸ் ஸ்லைடு பாதையிலும் பில்லர் பாயின்ட் மேட்டிலும் கயிறு இருந்தால் சரி.

ஹாஃப் மூன் பே மணலில் ஏன் கூடாது என்பதை உப்புக்கொத்தி சொன்னால் நன்றாக இருக்கும்.

மட்டி: ஃபிட்ஸ்ஜெரால்டு முழுக்க எடுக்கத் தடை. மட்டி, ஓடு, கூழாங்கல், காலிச் சங்கு எதுவும் கூடாது. காலிச் சங்குதான் துறவி நண்டின் அடுத்த வீடு. பீன் ஹாலோவில் பெப்பிள் பீச் என்று ஒரு பகுதி உண்டு, வண்ணக் கூழாங்கற்கள் கொட்டிக் கிடக்கும். அங்கும் எடுக்கக் கூடாது, பார்க்கலாம். பாதுகாப்புப் பகுதிக்கு வெளியே மட்டி எடுக்க மாநில மீன்பிடி உரிமம் வேண்டும், ஓட்டோடு 10 பவுண்டு வரம்பு. ஆனால் மே 1 முதல் அக்டோபர் 31 வரை மாநிலம் முழுதும் பொழுதுபோக்காக மட்டி எடுத்துத் தின்பதற்குத் தடை. கடலில் பெருகும் நுண்பாசியின் நஞ்சை மட்டி வடிகட்டிச் சேர்த்துக்கொள்ளும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, நரம்பைத் தாக்கும். ஆண்டுக்கு ஆண்டு தடை முன்னதாகத் தொடங்கவோ நீளவோ செய்யும், மாநிலச் சுகாதாரத் துறை அறிவிப்பைப் பார்க்காமல் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். இதில் ஊர்ப் பழக்கத்தை நம்புவது ஆபத்து.

#8 · உப்புக்கொத்தி

ஹாஃப் மூன் பே மணலில் ஸ்னோயி ப்ளோவர் என்ற சின்னப் பறவை இருக்கிறது. நம் கடற்கரைகளில் ஓடும் உப்புக்கொத்திக்கு மிக நெருங்கிய உறவு, எடை நாற்பது கிராம் சொச்சம். கூடு என்று எதுவும் கட்டாது, மணலில் மார்பை அழுத்தி ஒரு சின்னப் பள்ளம், அதில் மூன்று முட்டை. முட்டையின் நிறம் மணல் நிறம், மேலே கறுப்புப் புள்ளிகள். ஓரடிக்கு அப்பால் நின்றால் தெரியாது. காற்றடிக்கும்போது மனிதர் நடந்த காலடிக் குழிக்குள் பறவையே பதுங்கிக்கொள்ளும். அதனால்தான் உலர்ந்த மணலில் கயிறு கட்டித் தடுத்திருப்பார்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை அடைகாக்கும் காலம். நீங்கள் நடக்க வேண்டியது ஈர மணலில், அலை ஓரமாக. ஓடும் நாய் ஒன்று போனால் தாய் எழுந்துவிடும், வெயிலில் முட்டை சூடேறும், காகம் கண்டுகொள்ளும். தின்பண்டம் சிதறுவதும் அதே கேடுதான், காகத்தை அழைப்பது அது.

டெவில்ஸ் ஸ்லைடு பற்றியும் எழுதிவிடுகிறேன், பலர் அதைக் கண்ணுக்கு அழகான நடைபாதை என்று மட்டும் பார்க்கிறார்கள். அது பழைய நெடுஞ்சாலை 1. மலை சரிந்து சரிந்து சாலை மூடிக்கொண்டே இருந்தது, 1995இலும் 2006இலும் மாதக்கணக்கில். 1996இல் மக்கள் வாக்களித்துச் சுரங்கப்பாதையைத் தேர்ந்தார்கள். 2013இல் டாம் லான்டோஸ் சுரங்கங்கள் திறந்தன, மறு ஆண்டு பழைய சாலை 1.3 மைல் பூங்காப் பாதையானது. இந்த இழையில் புதுவரவின் அப்பாவுக்குப் பொருந்தும் நடை இதுதான்: தார்ச் சாலை, தடுப்புச் சுவர், ஏற்றம் உண்டு ஆனால் மணல் இல்லை. வண்டி நிறுத்தம் இரு முனையிலும் சிறியது. பத்து மணிக்கு முன் வர வேண்டும்.

அங்கிருந்து தெரியும் பாறையில் மர் என்ற கறுப்பு வெள்ளைப் பறவைகள் கூட்டமாக முட்டையிடும். 1986 எண்ணெய்க் கசிவில் அந்தக் கூட்டம் இல்லாமலே போனது. 1996 முதல் பாறையில் பொம்மைப் பறவைகளை நட்டு, பறவைக் குரலை ஒலிபரப்பி உண்மைப் பறவைகளைத் திரும்ப வரவழைத்தார்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை பைனாகுலரோடு போனால் பாறை மிளகு தூவியதுபோல் இருக்கும். பொரி வல்லூறும் அந்தச் செங்குத்தில்தான் தங்கும்.

#9 · பாறைநண்டு

சீல் குட்டியைப் பத்தி ஒரு வார்த்தை. ஃபிட்ஸ்ஜெரால்டில் ஹார்பர் சீல்கள் மார்ச்சிலிருந்து ஜூன் வரை குட்டி போடும். மணலில் குட்டி மட்டும் தனியா கிடக்கும், தாய் இரை தேடப் போயிருக்கும். "பாவம், தாய் விட்டுட்டுப் போயிடுச்சு"ன்னு மக்கள் பக்கத்தில் போய் நிற்கிறாங்க, தண்ணீருக்குள் இழுத்து விடுறாங்க. ஆள் நிற்கும் வரை தாய் கரைக்கு வராது. 300 அடி தள்ளி நில்லுங்க. காயமோ மெலிவோ தெரிந்தால் ரேஞ்சரிடம் சொல்லுங்க, இல்லேன்னா சாசலிடோவில் இருக்கும் மரைன் மம்மல் சென்டருக்கு அழைக்கலாம். தூக்குவது சட்டப்படி குற்றம்.

நட்சத்திர மீன் குறைவா இருக்கேன்னு கேட்பவர்களுக்கு: 2013இலிருந்து மேற்குக் கரை முழுக்க ஒரு நோய் அவற்றைக் கரைத்துவிட்டது. காரணம் ஒரு விப்ரியோ பாக்டீரியான்னு 2025இல்தான் உறுதியாச்சு. ஊதா, ஆரஞ்சு நிற ஓக்கர் வகை திரும்பித் தெரியத் தொடங்கியிருக்கு. இருபதுக்கும் மேல் கைகள் கொண்ட சூரியகாந்தி வகைதான் காணோம். பாறையிலிருந்து பிய்த்து எடுக்காதீங்க, உறிஞ்சு கால்கள் அறுந்து பாறையிலேயே நின்னுடும்.

#10 · சதுப்புநடை

எல்லாரும் வற்றுக்கே ஓடுகிறீர்கள். கவுன்ட்டிக்கு இன்னொரு கரையும் இருக்கிறது, அங்கே கணக்கு தலைகீழ்.

விரிகுடாப் பக்கத்தில், அதாவது ரெட்வுட் சிட்டியின் பேர் ஐலண்டு, மென்லோ பார்க்கின் பெட்வெல் பேஃப்ரன்ட், ரேவன்ஸ்வுட், சான் மேட்டியோவின் கயோட்டி பாயின்ட் ஆகிய இடங்களில், வற்றில் சேறு ஒரு மைலுக்கு விரிந்து உள்ளான்கள் எல்லாம் அதன் எல்லையில் புள்ளியாகத் தெரியும். பார்க்க வேண்டியது பெருக்கு. உச்சப் பெருக்குக்கு இரண்டு மணி முன் போய் நின்றால் நீர் ஏற ஏறப் பறவைகள் கரைச்சுவர் பக்கம் தள்ளப்பட்டு உங்கள் காலடிக்கே வரும். உள்விரிகுடாவில் பெருக்கு கோல்டன் கேட்டைவிடத் தாமதமாக வரும், ரெட்வுட் சிட்டி நிலையத்தைப் பாருங்கள். சேற்றில் இறங்காதீர்கள், கால் புதைந்தால் தானாக எடுக்க முடியாது. பேர் ஐலண்டில் நாய் கூடாது. கயோட்டி பாயின்டில் வண்டிக் கட்டணம் 6 டாலர்.

டிசம்பர், ஜனவரியில் கிங் டைடு என்ற பெரும்பெருக்கு நாட்கள் வரும். அன்று காலையில் பெருக்கு மிக உயரம், பிற்பகலில் வற்று மிக ஆழம். ஒரே நாளில் இரண்டையும் பிடிக்கலாம்: காலையில் பேர் ஐலண்டு, மதியம் நெடுஞ்சாலை 92 வழியாக மலை தாண்டி ஃபிட்ஸ்ஜெரால்டு. சிக்கல் ஒன்றுதான்: வற்று நாலரை, ஐந்துக்கு விழும், சூரியனும் அப்போதே மறையும், ரிசர்வ் மூடும் நேரமும் அதுவே. மூன்று மணிக்கே பாறையில் இருக்க வேண்டும், கடைசித் துளி வற்றுவரை காத்திருக்க ஆசைப்படாதீர்கள். ரிட்ஜ்வேஸ் ரெயில் என்ற அருகிய சதுப்புக்கோழி, பெரும்பெருக்கில் ஒளிய இடமின்றிப் புல் நுனியில் நிற்கும். அதை விரட்டிப் படம் எடுப்பவர்களால் அது பருந்துக்கு இரையாகிறது. தூரத்திலிருந்தே பாருங்கள்.

பெஸ்கடேரோ சதுப்பையும் சேர்த்துச் சொல்கிறேன். நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியிலிருந்து சிக்கோயா ஆடுபான் பாதை தொடங்கும். கோடையில் ஓடையின் வேகம் குறைய, அலைகள் மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். உள்ளே நன்னீர் மேலே, உப்புநீர் கீழே என்று இரண்டு அடுக்காகத் தேங்கும். கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்து அழுகல் வாயு சேரும். இலையுதிர் காலத்தில் மணல் திட்டு திடீரென உடையும்போது இரண்டும் கலங்க, ஸ்டீல்ஹெட் மீன்கள் செத்து மிதந்த ஆண்டுகள் பல. ஆகவே, தேங்கிய நீர் பாதைமீது ஏறியிருந்தால் மணலைத் தோண்டி வழிவிட்டுவிடலாம் என்று யாரும் கை வைக்கக் கூடாது. அருகிய சான் பிரான்சிஸ்கோ கார்ட்டர் பாம்பும் இங்கே வாழ்கிறது, சிவப்பும் நீலமும் கலந்த கோடுகள், மனிதருக்குக் கேடில்லை.

#11 · நெடுஞ்சாலை_ஒன்று

அலையைப் பற்றி யாரும் எழுதாமல் இழை நீளக் கூடாது. இந்தக் கரையில் சாவது நீந்தப் போனவர்கள் மட்டும் அல்ல, முதுகைக் கடலுக்குக் காட்டிப் படம் எடுத்தவர்களும்தான். தொலைதூரப் புயலிலிருந்து வரும் அலைகள் இருபது நிமிடம் சாதுவாக இருந்துவிட்டு ஒரே ஒரு பெரிய அலையாக மேலேறும். ஹாஃப் மூன் பே மிதவை, எண் 46012, அலையின் இடைவெளியைக் காட்டும். அது 15 வினாடியைத் தாண்டினால் பாறைக்கும் செங்குத்தான மணலுக்கும் போகாதீர்கள். மோன்டாராவும் கிரே வேல் கோவும் அப்படிச் சரிவான மணல். ஈரமாக இருக்கும் பாறை என்றால் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று பொருள். தண்ணீர் ஐம்பதுகளில் இருக்கும், ஃபாரன்ஹீட். விழுந்தவரைக் காப்பாற்றக் குதித்தால் இரண்டு பேர் போவார்கள். மிதக்கும் எதையாவது வீசி 911 அழையுங்கள், சிக்னல் இல்லையெனில் ஒருவர் சாலைக்கு ஓட வேண்டும். பாறை விளிம்பும் அப்படித்தான், கீழே குடையப்பட்டு மேலே புல் மட்டும் தாங்கி நிற்கும்.

புதுவரவு, உங்கள் நாளுக்கு: வேன் நடை காலையில் கிடைத்தால் அதை முதலில் வையுங்கள். திரும்பும்போது 7 மைல் வடக்கே பிஜன் பாயின்ட் கலங்கரை விளக்கம், 115 அடி, 1872 முதல் நிற்பது. கோபுரத்துக்குள் 2001 முதல் யாரையும் விடுவதில்லை, ஆனால் 1,008 கண்ணாடித் துண்டுகள் கொண்ட பழைய விளக்கின் லென்ஸைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள், பழுதுபார்ப்பு வேலையால் எது திறந்திருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேட்டில் அப்பா உட்கார்ந்தபடியே தெற்கே போகும் சாம்பல் திமிங்கிலத்தின் மூச்சைப் பார்க்கலாம், ஜனவரி அதற்குச் சரியான மாதம். காற்று பின்னால் இருக்கும்படி உட்காருங்கள், அடிவானத்துக்குச் சற்றுக் கீழே வெள்ளைப் புகைபோல் எழும். அதற்குப் பிறகு அன்றைக்கு வேறெதுவும் சேர்க்காதீர்கள். டெவில்ஸ் ஸ்லைடு இன்னொரு காலைக்கு.

#12 · புதுவரவு

வேன் நடைக்கு இன்று கேட்கிறேன். ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அந்த வாரத்தில் வற்று எப்படி என்று பில்லர் பாயின்ட் அட்டவணையில் பார்த்தேன்: புதன் பிற்பகல் மைனஸ் 0.6. பையனுக்கு மட்டும் அது போதுமா?

#13 · பாறைநண்டு

தாராளம். வற்றுக்கு ஒன்றரை மணி முன்பே இறங்கிடுங்க, அம்மா அப்பாவை மேட்டிலிருக்கும் சைப்ரஸ் மரப் பாதையில் உட்கார வைச்சுடுங்க. பையனுக்கு மாற்றுச் சாக்ஸும் முழுக்கால்சட்டையும் காரிலேயே இருக்கட்டும். அன்றைக்கு அலை உயரத்தை மிதவையில் பார்த்துட்டுத்தான் கிளம்பணும். அலை பெரிதா இருந்தால் அட்டவணை மைனஸ் காட்டினாலும் நீர் இறங்காது.